தோற்றவர் எழுதிய கணக்கு

2008 பிப்ரவரி 5. அன்று ஒரே நாளில் அமெரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் நடந்தது. நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். ஹிலாரி கிளின்டன் அங்கே பராக் ஒபாமாவைச் சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் வென்றார். ஐடஹோவில் திரண்டவர்கள் ஏறத்தாழ 21 ஆயிரம் பேர்தான். அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஒபாமாவின் பக்கம் நின்றார்கள். பிறகு, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் கணக்கு வந்தது. நியூ ஜெர்சியில் கிளின்டனுக்கு 59, ஒபாமாவுக்கு 48. ஐடஹோவில் ஒபாமாவுக்கு 15, கிளின்டனுக்கு 3. பெரிய மாநிலத்தில் கிளின்டன் சேர்த்த 11 பேர் முன்னிலையை, உருளைக்கிழங்குக்குப் பெயர்போன அந்தச் சிறிய மலை மாநிலம் ஒரே இரவில் துடைத்துவிட்டு, ஒபாமாவுக்கு ஒருவரைக் கூடுதலாகவும் கொடுத்தது.

இந்தக் கணக்கு தானாக வந்ததில்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே கட்சியின் வேட்பாளர் போட்டியில் தோற்றுப்போன ஒருவர் போராடிப் பெற்ற கணக்கு அது. அவர் பெயர் ஜெஸ்ஸி ஜாக்சன். 1984இலும் 1988இலும் நின்றார், இரண்டு முறையும் தோற்றார். அவர் கேட்ட கொள்கைகளில் பெரும்பாலானவற்றைக் கட்சி அப்போது ஏற்கவில்லை. ஆனால் வாக்கை எண்ணும் முறையை அவர் மாற்றிவிட்டுப் போனார். தோற்ற வேட்பாளர் ஒரு கட்சியை எப்படித் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும். இடம் கிடைக்காதவர் வருத்தப்படுவார், சுயேச்சையாக நிற்பார், அல்லது அடுத்த தேர்தல் வரை காத்திருப்பார். அமெரிக்காவில் அந்தத் தேர்வே மாதக்கணக்கில் நடக்கும் தேர்தல். பிரைமரி என்றால் வாக்குச்சாவடியில் போடும் வாக்கு. காக்கஸ் என்றால் பள்ளிக்கூடத்திலோ பொதுக்கூடத்திலோ கூடி ஆதரவைக் காட்டுவது. இரண்டிலும் மக்கள் போடும் வாக்கு நேராக வேட்பாளரை உருவாக்குவதில்லை, பிரதிநிதிகளை உருவாக்குகிறது. அந்தப் பிரதிநிதிகள் கோடைக்கால மாநாட்டில் கூடி வேட்பாளரை முறைப்படி அறிவிக்கிறார்கள்.

தோற்றவரின் பலம் இங்கேதான் இருக்கிறது. மாநாட்டில் வேட்பாளரை அறிவிப்பதோடு இன்னும் இரண்டு வேலைகள் நடக்கும். கட்சியின் கொள்கை அறிக்கையை ஒரு குழு எழுதும். அடுத்த தேர்தலுக்கான விதிகளை இன்னொரு குழு எழுதும். நூற்றுக்கணக்கான பிரதிநிதிகளோடு வரும் தோற்ற வேட்பாளர் அந்த இரண்டு குழுக்களிலும் தன் ஆட்களை உட்கார வைப்பார். வென்றவருக்கோ நேரம் இல்லை. நவம்பர் தேர்தலுக்கு மூன்று, நான்கு மாதங்களே இருக்கும். தொலைக்காட்சியில் நாடு பார்த்துக்கொண்டிருக்கும்போது மண்டபத்துக்குள் சண்டை வரக் கூடாது. அமைதிக்கு விலை கேட்கும் இடத்தில் தோற்றவர் நிற்கிறார்.

இந்த ஏற்பாடே ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷர் பிரைமரியில், வியட்நாம் போரை எதிர்த்து நின்ற செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீத வாக்குகளைப் பெற்றார். அதிபர் லிண்டன் ஜான்சன் பெற்றது 49. எண்ணிக்கையில் ஜான்சனே வென்றார். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அவர் அறிவித்துவிட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் ஒரு பிரைமரியில்கூட நிற்காத துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளர் ஆனார். வெளியே தெருவில், போரை எதிர்த்துத் திரண்ட இளைஞர்களைப் போலீஸ் அடித்துக்கொண்டிருந்தது. மெக்கார்த்தியின் ஆதரவாளர்கள் அந்த மாநாட்டில் ஒன்றை மட்டும் வென்றெடுத்தார்கள்: வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திருத்த ஓர் ஆணையம். மாநிலத் தலைவர்கள் மூடிய அறைகளில் பிரதிநிதிகளைப் பொறுக்கிய காலம் அந்த ஆணையத்தோடு முடிந்தது. இன்று நாம் பார்க்கும் நீண்ட பிரைமரிப் பருவம் 1972இல் தொடங்கியது.

ஆனால் யாருக்கு எத்தனை பிரதிநிதி என்பதில் ஓட்டைகள் இருந்தன. ஜாக்சன் அவற்றில்தான் இடறி விழுந்தார்.

தென் கரோலினாவின் கிரீன்வில்லில், இனப்பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில் பிறந்தவர் ஜாக்சன். மார்ட்டின் லூதர் கிங்கோடு பணியாற்றியவர். 1968இல் கிங் சுடப்பட்ட அன்று மெம்பிஸில் அதே விடுதியில் இருந்தவர். 1984இல் அவர் அதிபர் போட்டியில் இறங்கியபோது கட்சியின் கறுப்பினத் தலைவர்களிலேயே பலர் அவரோடு வரவில்லை. அவர்கள் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலை ஆதரித்தார்கள். நியூயார்க் யூதர்களை இழிவாகக் குறிப்பிட்டு ஜாக்சன் ஒரு தனி உரையாடலில் சொன்ன சொல் பத்திரிகையில் வெளியாகி, அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தக் கறை நெடுங்காலம் அவரை விட்டுப் போகவில்லை, போகாததில் நியாயமும் உண்டு. இருந்தும் அவர் முப்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். மொத்தத்தில் ஏறத்தாழ 18 சதவீதம். மாநாட்டில் அவருக்கு விழுந்த பிரதிநிதி வாக்குகளோ சுமார் 12 சதவீதம்.

அந்த ஆறு சதவீதம் எங்கே போனது? ஒரு தொகுதியில் 20 சதவீதத்தைத் தொடாதவருக்குப் பிரதிநிதியே கிடையாது என்று ஒரு விதி. தொகுதியில் முதலில் வந்தவருக்கு எல்லோரையும் கொடுத்துவிடும் முறை சில மாநிலங்களில். முதலிடம் பெற்றவருக்குப் போனஸாக ஒரு பிரதிநிதி வேறு சிலவற்றில். இதற்கெல்லாம் மேல் 1982இல் புதிதாக உருவாக்கிய சூப்பர் பிரதிநிதிகள்: எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள். இவர்கள் மக்கள் வாக்குக்குக் கட்டுப்படாமல் விரும்பியவரை ஆதரிக்கலாம். ஜாக்சன் 1984 மாநாட்டிலேயே இதைப் பிரச்சினையாக்கினார். கட்சி ஒரு குழு போட்டது. தொகுதி வரம்பு 15 சதவீதமாக இறங்கியது. மற்றவை அப்படியே இருந்தன, சூப்பர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை கூடவும் செய்தது.

1988இல் அவர் மறுபடி வந்தபோது வேறு மனிதராக வந்தார். கடனில் நிலத்தை இழந்துகொண்டிருந்த அயோவா விவசாயிகளிடம் போனார். மூடப்படவிருந்த கார் தொழிற்சாலையின் தொழிலாளர்களைப் பார்க்க விஸ்கான்சினின் கெனோஷாவுக்குப் போனார். இரு தரப்பினரும் பெரும்பாலும் வெள்ளையர்கள். மார்ச் 8 அன்று தென் மாநிலங்கள் ஒட்டுமொத்தமாக வாக்களித்தன. மிதவாதியான ஒரு தெற்கத்திய வேட்பாளருக்குச் சாதகமாக இருக்கட்டும் என்றுதான் தெற்கின் கட்சித் தலைவர்கள் எல்லாத் தேர்தல்களையும் அந்த ஒரே நாளில் வைத்தார்கள். அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா ஐந்தையும் ஜாக்சன் வென்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்யப் போனாலே உயிருக்கு ஆபத்து இருந்த மண் மிசிசிப்பி. மார்ச் 26 அன்று மிச்சிகன் காக்கஸில் பாதிக்கும் மேற்பட்ட ஆதரவோடு, முன்னணியில் இருந்த மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸைத் தோற்கடித்தார். சில நாட்களுக்கு, இவரே வேட்பாளர் ஆகிவிடுவாரோ என்ற கேள்வியை நாடே கேட்டது. விஸ்கான்சினிலும் நியூயார்க்கிலும் டுகாகிஸ் வென்றதும் அந்தக் கேள்வி அடங்கியது.

முடிவில் ஜாக்சனிடம் 67 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் இருந்தன. மாநாட்டுக்கு அவர் 1,200க்கும் அதிகமான பிரதிநிதிகளோடு போனார். ஜூலையில் டுகாகிஸ் துணை அதிபர் வேட்பாளராக டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சனைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் இடம் பெற்றவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை; விமான நிலையத்தில் ஒரு செய்தியாளர் கேட்ட கேள்வியிலிருந்துதான் ஜாக்சன் அதைத் தெரிந்துகொண்டார். அவமானத்தை அவர் மறைக்கவில்லை. சிகாகோவிலிருந்து அட்லாண்டா மாநாட்டுக்கு ஆதரவாளர்களோடு பஸ்களில் புறப்பட்டார். வழியெல்லாம் கூட்டம். அட்லாண்டாவில் என்ன நடக்குமோ என்ற பதற்றம் டுகாகிஸ் முகாமில் ஏறிக்கொண்டே போனது.

அந்தப் பதற்றத்தின் விலையைத்தான் ஜாக்சன் தரப்பு கேட்டு வாங்கியது. பேச்சுவார்த்தைக்கு ஜாக்சன் சார்பில் உட்கார்ந்தவர் ஹாரால்ட் இக்கிஸ். டுகாகிஸ் சார்பில் டாட் டிவைன். முடிவான உடன்பாடு இதுதான்: அடுத்த தேர்தலிலிருந்து எல்லா மாநிலங்களிலும் பிரதிநிதிகள் வாக்கு விகிதப்படியே பிரிக்கப்பட வேண்டும். வென்றவருக்கே எல்லாம் என்பதும் போனஸும் இனி இல்லை. 15 சதவீதம் பெற்ற எவருக்கும் அவரவர் பங்கு உண்டு. சூப்பர் பிரதிநிதிகளைக் குறைப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பகுதியைக் கட்சி பின்னால் திரும்பப் பெற்றுவிட்டது. விகித முறை மட்டும் 1992 முதல் நிலைத்தது.

அட்லாண்டாவில் ஜாக்சன் ஆற்றிய உரையைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். கிரீன்வில்லில் தன் பாட்டி பழைய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வையை அவர் சொன்ன விதம் இன்றும் நெஞ்சைத் தொடும். தென்னாப்பிரிக்காவைப் பயங்கரவாத நாடு என்று கட்சி அறிக்கையில் எழுத வைத்ததும் அவருடைய வெற்றி. நிறவெறி அரசு இன்னும் நெல்சன் மண்டேலாவைச் சிறையில் வைத்திருந்த காலம் அது. பணக்காரர்கள் மீது வரியைக் கூட்டுவது, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி, இரண்டும் மாநாட்டில் வாக்கெடுப்புக்குப் போய்த் தோற்றன. பாலஸ்தீன நாடு பற்றிய தீர்மானத்தை ஜாக்சனின் ஆலோசகர் ஜேம்ஸ் ஸாக்பி மேடையில் முன்மொழிந்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆனாலும் ஒரு பெரிய கட்சியின் மாநாட்டு மேடையில் அந்த விவாதம் நடந்துவிட்டது.

இன்னொன்றையும் ஜாக்சன் விட்டுச் சென்றார்: ஆட்கள். மாநாட்டில் அவருக்காக வேலைகளை நடத்திய ரான் பிரவுன் அடுத்த ஆண்டே கட்சியின் தேசியத் தலைவர் ஆனார். ஒரு பெரிய கட்சிக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவர். 1984இல் ஜாக்சனுக்காக உழைத்த டோனா பிரேசில் 2000இல் அல் கோரின் தேர்தல் பணியை நடத்தினார். மின்னசோட்டாவில் அவருக்காக நின்ற பேராசிரியர் பால் வெல்ஸ்டோன் 1990இல் செனட்டர் ஆனார். தோற்ற வேட்பாளரின் முகாமில் வேலை பழகியவர்கள் கலைந்து வீட்டுக்குப் போனால் அந்தத் தோல்வி அதோடு முடியும். கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தால் முடியாது.

இப்படிச் சொல்லும்போது ஜாக்சன் கட்சியையே இடதுபக்கம் திருப்பிவிட்டார் என்று தோன்றலாம். அது உண்மையில்லை. 1984 அதிபர் தேர்தலில் கட்சியின் வேட்பாளராக நின்ற மாண்டேலின் படுதோல்வியைப் பார்த்து மிதவாதிகள் 1985இல் தனி அமைப்பு கண்டார்கள். சிறுபான்மையினரின், தொழிற்சங்கங்களின் கட்சியாகப் பார்க்கப்பட்டால் தோற்றுக்கொண்டே இருப்போம் என்பது அவர்கள் வாதம். அந்த அமைப்பின் தலைவராக இருந்த பில் கிளின்டன் 1992இல் ஜாக்சனின் சொந்த அமைப்பு கூட்டிய மேடையிலேயே, அங்கு அழைக்கப்பட்டிருந்த ஓர் இளம் கறுப்பினப் பாடகியைக் கண்டித்துப் பேசினார். வெள்ளை இன வாக்காளர்களுக்குக் காட்டுவதற்காகவே அப்படிச் செய்தார் என்று பலரும் கருதினார்கள். ஜாக்சன் பக்கத்தில் அமர்ந்திருந்தார். 1996இல் ஏழைகளுக்கான நலத்திட்டத்தை இறுக்கும் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். கொள்கையை மட்டும் அளவுகோலாக எடுத்தால், 1990கள் முழுவதும் ஜாக்சன் தோற்றவராகவே இருந்தார்.

கொள்கை அறிக்கையில் இடம் பிடிப்பது மட்டும் போதாது என்பதை எட்வர்ட் கென்னடியின் கதை இன்னும் கடுமையாகக் காட்டுகிறது. 1980இல் பதவியிலிருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து நின்று தோற்ற கென்னடி, நியூயார்க் மாநாட்டில் மண்டபத்தை உருக வைத்த ஓர் உரையை ஆற்றினார். வேலைவாய்ப்புக்கு 1,200 கோடி டாலர் என்ற தன் கோரிக்கையை அறிக்கையில் சேர்க்கவும் வைத்தார். நவம்பரில் கார்ட்டர் தோற்றார், அந்தக் கோரிக்கையும் காகிதத்தோடு போயிற்று. கட்சி அடுத்த பத்தாண்டுகளில் கென்னடி காட்டிய திசைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தது.

அதே காகிதம் குடியரசுக் கட்சியில் வேறு விதமாக வேலை செய்தது. 1976இல் ரொனால்ட் ரீகன், அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து நின்றார். முதல் பிரைமரிகளில் வரிசையாகத் தோற்றார். பணம் தீர்ந்துகொண்டிருந்தது. மார்ச் 23 அன்று வட கரோலினா அவரைக் காப்பாற்றியது. அதற்கு முன்பே ஃபோர்ட் வளைந்துகொடுக்கத் தொடங்கியிருந்தார்: மிதவாதியான துணை அதிபர் நெல்சன் ராக்ஃபெல்லர் மறுபடி நிற்கப்போவதில்லை என்று 1975 முடிவதற்குள் விலகினார், சோவியத் ஒன்றியத்தோடு இணக்கம் என்று பொருள்படும் தெதாந்த் என்ற சொல்லைப் பேச்சில் பயன்படுத்துவதையே ஃபோர்ட் நிறுத்திவிட்டார். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டுக்கு 1,187, ரீகனுக்கு 1,070. அங்கே ரீகன் தரப்பு, வெளியுறவில் அறநெறி வேண்டும் என்று ஒரு பத்தியைக் கொள்கை அறிக்கையில் சேர்க்கக் கேட்டது. ஃபோர்டின் அரசையும் அவருடைய வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரையும் பெயர் சொல்லாமல் குறைகூறும் பத்தி அது. எதிர்த்துத் தோற்பதைவிட ஏற்பதே மேல் என்று ஃபோர்ட் விட்டுக்கொடுத்தார். பதவியிலிருக்கும் அதிபரின் கட்சியே அவருடைய வெளியுறவுக் கொள்கையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது.

கென்னடியின் பத்தி உலர்ந்துபோக, ரீகனின் பத்தி வேர்பிடித்தது ஏன்? நேரடிக் காரணம், நான்கு ஆண்டுகள் கழித்து ரீகனே வேட்பாளராகத் திரும்பி வந்து வென்றார். அதற்குக் கீழே இன்னொரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்சிக்குள் வந்துகொண்டிருந்த புதிய மக்கள் ரீகன் பக்கம் நின்றார்கள்: தெற்கத்திய வெள்ளையர்கள், மத நம்பிக்கையோடு அரசியலுக்கு வந்த பழமைவாதிகள். கென்னடியின் பக்கம் நின்ற தொழிற்சங்கங்களோ உறுப்பினர்களை இழந்துகொண்டிருந்தன. தோற்றவர் எந்தக் கூட்டத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார், அந்தக் கூட்டம் வளர்கிறதா, சுருங்குகிறதா என்பது அவருடைய உரையைவிடப் பெரிய செய்தி.

ஜாக்சனின் விதி அப்படி ஒரு வளரும் கூட்டத்துக்காகக் காத்திருந்தது. 2008இல் அது வந்தது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, ஒஹையோ, பென்சில்வேனியா என்று பெரிய மாநிலங்களை ஹிலாரி கிளின்டன் வென்றார். வென்றவருக்கே எல்லாம் என்ற முறை இருந்திருந்தால் அந்த வெற்றிகள் மலைபோலக் குவிந்திருக்கும். கலிபோர்னியாவில் அவருக்கு 204 பேர், தோற்ற ஒபாமாவுக்கு 166. விதி வேறாக இருந்தால் ஒபாமாவின் உத்தியும் வேறாகத்தான் இருந்திருக்கும். ஆகவே அவர் தோற்றிருப்பார் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐடஹோ போன்ற இடங்களில் பெரிய வித்தியாசத்தில் வெல்வது, பெரிய மாநிலங்களில் சிறிய வித்தியாசத்தில் தோற்பது என்ற அந்தத் திட்டம் விகித முறை இல்லாமல் பிறந்திருக்கவே முடியாது. 1988இல் அந்த விதியை ஜாக்சனுக்காகப் பேசி வாங்கிய ஹாரால்ட் இக்கிஸ் 2008இல் கிளின்டனின் பிரதிநிதிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு குடியரசுக் கட்சியில் என்ன நடந்தது என்று பார்த்தால் வேறுபாடு புரியும். ஃபுளோரிடாவில் ஜான் மெக்கெய்ன் பெற்றது 36 சதவீதம். அந்த மாநிலத்தின் 57 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். 31 சதவீதம் பெற்ற மிட் ராம்னிக்கு ஒருவர்கூட இல்லை. மார்ச் தொடக்கத்தில் போட்டி முடிந்துவிட்டது. ஜனநாயகக் கட்சியில் அது ஜூன் வரை நீண்டது. தோற்றுக்கொண்டிருப்பவரும் பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கலாம் என்றால், அவர் கடைசிவரை களத்தில் நிற்பார். கடைசிவரை நிற்பவரிடம் கட்சி பேசித்தான் ஆக வேண்டும்.

பெர்னி சாண்டர்ஸ் இதை அறிந்தவர். 1988இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயராக, எந்தக் கட்சியும் சாராத சோஷலிஸ்டாக இருந்தபடியே ஜாக்சனுக்கு ஆதரவு திரட்டியவர் அவர். வெர்மான்ட் காக்கஸில் ஜாக்சன் வென்றார். 2016இல் சாண்டர்ஸ் தானே நின்று 43 சதவீத வாக்குகளோடு தோற்றார். அவருடைய தலைமை உத்தியாளர் டாட் டிவைன்: இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு மேசையின் எதிர்ப்பக்கம் டுகாகிஸுக்காக அமர்ந்திருந்த அதே மனிதர். கொள்கை அறிக்கையை எழுதும் குழுவில் தன் பங்குக்குக் கிடைத்த ஐந்து இடங்களில் ஒன்றைச் சாண்டர்ஸ் ஜேம்ஸ் ஸாக்பிக்குக் கொடுத்தார். பாலஸ்தீனம் பற்றி 1988இல் அட்லாண்டா மேடையில் பேசியவர் அதே பொருளை மறுபடி மேசையில் வைத்தார், மறுபடி தோற்றார்.

மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி அறிக்கையில் ஏறியது. 2021இல் அது செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஜனநாயகக் கட்சியினரிலும் சிலர் எதிர்க்க, 42க்கு 58 என்று விழுந்தது. விதிகளில் சாண்டர்ஸ் கண்ட வெற்றி நிலைத்தது. ஜாக்சனால் முடியாமல் போன அந்தச் சூப்பர் பிரதிநிதி விவகாரத்தை அவர் தரப்பு மறுபடி கையில் எடுத்தது. 2018 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய கட்சியின் தேசியக் குழு, போட்டியுள்ள மாநாட்டின் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்கக் கூடாது என்று முடிவெடுத்தது.

2020இல் சாண்டர்ஸ் மறுபடி நின்று மறுபடி தோற்றார். ஏப்ரல் 8 அன்று பிரசாரத்தை நிறுத்தினார், ஆனால் மீதமிருந்த மாநிலங்களின் வாக்குச்சீட்டில் தன் பெயரை விட்டுவைத்தார். பிரதிநிதிகளைத் தொடர்ந்து சேர்ப்பேன், கொள்கை அறிக்கையில் நம் குரல் இருக்க வேண்டும் என்று காரணத்தையும் ஆதரவாளர்களிடம் சொன்னார். கட்சி விதிப்படி, போட்டியிலிருந்து விலகியவர் மாநில அளவில் பெற்ற பிரதிநிதிகளை இழந்துவிடுவார். அதே மாத இறுதியில் ஜோ பைடன் தரப்போடு உடன்பாடு கண்டு, இழக்கவிருந்த நூற்றுக்கணக்கானவர்களைச் சாண்டர்ஸ் தன்னிடமே வைத்துக்கொண்டார். வேட்பாளர் யார் என்பது அதற்குள் முடிவாகியிருந்தது. அந்தப் பிரதிநிதிகள் மாநாட்டுக் குழுக்களுக்குப் போக வேண்டியிருந்தது.